உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டியவர் யார்?

2022 ஏப்ரல் மாத முடிவில் 58,275 பேருடைய வங்கிக் கணக்கில் ஓய்வூதியம் ஏறவில்லை. அத்தனை பேரும் பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்கள். பெரும்பாலோர் ஒரு காலத்தில் சீருடை அணிந்தவர்கள், அல்லது சீருடை அணிந்த கணவரைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் அவர்களுடைய ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது ஒரு கணினி அமைப்புக்குத் தெரியவில்லை. தெரியாததால் பணத்தை நிறுத்திவிட்டது.

பாதுகாப்பு அமைச்சகம் உடனே விளக்கம் தந்தது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய அடையாளச் சரிபார்ப்பு இவர்கள் விஷயத்தில் நடந்ததா இல்லையா என்ற தகவல் ஏப்ரல் 25 வரை வங்கிகளிடமிருந்து வந்து சேரவில்லை என்றது. ஒருமுறைச் சலுகையாக மே 25 வரை அவகாசம் தந்து, மே 4-க்குள் தொகையைச் செலுத்த ஏற்பாடு செய்தது. தவறை விரைந்து திருத்தியதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், "நாலைந்து நாள் தாமதம்தானே" என்று அன்று பலர் சொன்னதை ஏற்க முடியாது. ஒன்றாம் தேதி மருந்துக் கடைக்குப் போக வேண்டிய எண்பது வயதுக்காரருக்கு நாலு நாள் என்பது நாலு நாள் மருந்து. அதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று உண்டு. வங்கியும் அரசும் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தவறின. அதற்கான தண்டனை, அந்தப் பேச்சில் இடமே இல்லாத முதியவர் தலையில் விழுந்தது. தகவல் இல்லை என்பதை ஆள் இல்லை என்று ஓர் அரசு படித்தது. இது அநீதி. தொழில்நுட்பக் கோளாறு என்ற பெயரில் இதை நாம் கடந்துபோக முடியாது.

அந்தக் கணினி அமைப்பின் பெயர் ஸ்பர்ஷ். தொடுகை என்று பொருள். பாதுகாப்புக் கணக்குத் துறை நடத்துவது. ஓய்வூதிய ஆணை போடுவது முதல் மாதாமாதம் பணம் அனுப்புவது வரை எல்லாவற்றையும் பிரயாக்ராஜில் உள்ள முதன்மைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் கீழ் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. நம் முன்னாள் படைவீரர்கள் அந்த அலுவலகத்தை இன்னும் 'அலகாபாத்' என்றுதான் சொல்வார்கள். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் இதற்குள் வந்துவிட்டார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு ஒதுக்கிய தொகை 1,60,795 கோடி ரூபாய். ராணுவத்தின் கணினிமயம் என்றால் நமக்கு டிரோனும் ரேடாரும் நினைவுக்கு வருகின்றன. எண்ணிக்கையில் அதிகமான மனிதர்களைத் தொடுகிற ராணுவக் கணினி இதுதான்.

இந்த அமைப்பு வேண்டாம் என்று சொல்பவர்கள் பழைய கதையை மறந்தவர்கள். முன்பு ஓய்வூதிய ஆணை அலகாபாத்திலிருந்து வரும், பணம் வங்கியின் மையத்திலிருந்து வரும், ஊதியக் குழு மாறும்போதெல்லாம் இரண்டுக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்வார். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் திட்டம் 2014 ஜூலை 1 முதல் கணக்கில் வந்தது. ஆணை 2015 நவம்பர் 7-இல் வந்தது. யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணைகள் 2016 பிப்ரவரியில் 'சர்க்குலர் 555' ஆக வந்தன. முன்னாள் ஹவில்தார்கள் அந்தச் சுற்றறிக்கையைப் பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் குரூப் எது, எத்தனை ஆண்டு சேவை என்று விரல் வைத்துத் தேடி, வங்கி போட்ட தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் வந்ததை வாங்கிக்கொண்டார்கள். அதே திட்டத்தின் மூன்றாம் திருத்தம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதினைந்து நாட்களில் தொகை போய்ச் சேர்ந்ததாகத் துறை கூறுகிறது. இது பெரிய மாற்றம். தனக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில், எப்படி வந்தது என்பதை ஒரு சிப்பாய் தானே திறந்து பார்க்க முடிகிற நிலை முன்பு இருந்ததில்லை. ஆகவே காகிதத்துக்குத் திரும்பிப் போவது தீர்வாகாது. நம் வாதம் வேறு. காகிதத்தில் இருந்த பிழைகளை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டு, அவற்றைத் திருத்தும் வேலையைக் கிழவர்களிடமும் விதவைகளிடமும் கொடுத்தது பெரும் தவறு. அந்தத் தவறு இன்றும் தொடர்கிறது.

பழைய ஓய்வூதியர்களின் விவரங்களை ஸ்பர்ஷுக்கு மாற்றியபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் முரண்பாடுகள் இருந்ததைத் துறையே கண்டது. பெரும்பான்மையைத் தீர்த்துவிட்டதாகவும் சொல்கிறது. முரண்பாடு என்றால் என்ன? அதை விவரமாகப் பார்த்தால்தான் குற்றம் யாருடையது என்று விளங்கும்.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்றொரு ஊர். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போவதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து எழுபதுகளில் ஓர் இளைஞன் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருக்கும் எழுத்தருக்குத் தமிழ் தெரியாது. பையனுக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. காதில் விழுந்தபடி பெயர் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. 'ழ' வந்தால் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்தவர் வேறு மாதிரி. அதே பெயர் ஓரிடத்தில் 'எச்' சேர்ந்தும் இன்னோரிடத்தில் சேராமலும், ஓரிடத்தில் 'ஐ'யில் முடிந்தும் இன்னோரிடத்தில் 'ஒய்'யில் முடிந்தும் ஷீட் ரோல் என்ற சேவைப் பதிவேட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறும். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். படிவத்திலோ குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்காக அப்பாவின் பெயரை ஒருவர் பின்னால் சேர்ப்பார், இன்னொருவர் முன்னால் சேர்ப்பார், மூன்றாமவர் விட்டுவிடுவார். நாற்பது ஆண்டு கழித்து ஆதார் அட்டை வருகிறது, பான் அட்டை வருகிறது, வங்கிக் கணக்கு வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அந்த ஊரில் அவரை எல்லோருக்கும் தெரியும், அவர் ஒரே ஆள்தான். கணினிக்கு அவர் நாலு பேர்.

மனைவியின் நிலை இன்னும் மோசம். படைவீரருக்குத் திருமணம் ஆனால், குழந்தை பிறந்தால், பிரிவு அலுவலகத்தில் சொல்லி 'பார்ட் டூ ஆர்டர்' வெளியிட வேண்டும். அந்த ஆணையில் ஏறினால்தான் ராணுவப் பதிவில் அவள் மனைவி, ஏறாவிட்டால் ராணுவத்தின் கண்ணுக்கு அவள் இல்லை. எல்லையில் இருப்பவன் இரண்டு மாத விடுப்பில் வந்து தாலி கட்டிவிட்டு, திரும்பிப் போய், மனைவியின் பிறந்த தேதியை எழுத்தரிடம் சொல்கிறான். அவள் எந்த ஆண்டு பிறந்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாத காலம் அது. புயலடித்த வருஷம், அண்ணன் பிறந்து இரண்டு வருஷம் கழித்து என்றுதான் வீட்டில் கணக்கு. ஏதோ ஒரு தேதி பதிவாகிறது, அல்லது பதிவாகாமலே போகிறது. பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி இருப்பதில்லை.

இந்தச் சின்ன இடைவெளி எவ்வளவு பணம் தெரியுமா? குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது ஆனதும் அடிப்படை ஓய்வூதியம் 20 சதவீதம் கூட வேண்டும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50 சதவீதம். நூறு வயதைத் தொட்டால் இரு மடங்கு. இது அரசின் சொந்த விதி. மிகக் குறைந்த 9,000 ரூபாய் அடிப்படை என்றே வைத்தாலும் 80 வயதில் மாதம் 1,800 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி வேறு. பிறந்த தேதி ஆவணத்தில் இல்லாத பாட்டிக்கு இந்தத் தொகை தானாக வராது. அவர் போய்க் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலே எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

சரி, திருத்தலாம் என்றால் எங்கே போவது? படைவீரரின் மூல ஆவணங்கள் அவரவர் பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கத்து வெலிங்டன். அவர்களுக்கு அது அதிர்ஷ்டம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்தராபாத், மருத்துவப் படை என்றால் லக்னோ. திருப்பத்தூரில் இருக்கும் விதவை ஜபல்பூருக்கு எழுத வேண்டும், ஜபல்பூர் பிரயாக்ராஜுக்கு எழுத வேண்டும், பிரயாக்ராஜ் கணினியில் மாற்ற வேண்டும். இடையில் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், புகைப்படம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் சான்றொப்பம். அந்த அலுவலகங்களில் பொறுமையாக உதவுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். தேனாம்பேட்டையிலுள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் மாவட்டங்களுக்கே வந்து முகாம் நடத்துகிறது. அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், முகாமுக்கு வரக்கூடியவர் நடக்க முடிந்தவர். படுக்கையில் கிடப்பவருக்கு எந்த முகாமும் இல்லை.

பிறகு ஆண்டுக்கொரு முறை உயிர்ச் சான்று. ஜீவன் பிரமாண் வழியாக, ஆதாரோடு இணைந்த விரல் ரேகையைக் கொடுத்து, 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை தேய்ந்துபோகும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். இயந்திரம் இரண்டு முறை, மூன்று முறை மறுக்கும். முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி 2021 நவம்பரில் வந்தது, நல்ல காரியம். அதற்கும் ஒரு நல்ல செல்பேசியும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பேரனும் தேவை. கடவுச்சொல் மறந்தால் ஓடிபி. ஓடிபி வரும் எண், மகன் மூன்று ஆண்டுக்கு முன் வைத்திருந்த பழைய எண்ணாக இருக்கும். இதற்குள் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி அதே ஓடிபியைக் கேட்டு வாங்கிக் கணக்கைக் காலி செய்கிற திருடர்கள் வேறு. முதியவர்களை ஆறு இலக்க எண்ணை நம்பி வாழ வைத்தது அரசு. அந்தத் திருட்டிலிருந்து அவர்களைக் காப்பதும் அரசின் கடமைதான், "எச்சரித்தோமே" என்பதோடு அது தீராது.

இங்கே ஒரு சட்ட நியாயத்தை நினைவுபடுத்த வேண்டும். 1982 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. வழக்குத் தொடுத்த டி.எஸ். நகாரா, பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தருகிற கொடை கிடையாது, செய்த சேவைக்கு உரிய பங்கு என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொடையாக இருந்தால் கேட்பவர்தான் தகுதியை நிரூபிக்க வேண்டும். உரிமை என்றானபின், நிறுத்துபவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் நடந்தது இதற்கு நேர்மாறு.

படைகளின் கணினிகள் மனிதர்களைக் கைவிடுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தேசியக் காவல்படையின் ஆறு பிரிவுகளை ஆராய்ந்தது. ஆப்கானிஸ்தான் போரை ஒட்டிப் பணிக்கு அழைக்கப்பட்ட 481 வீரர்களில் 450 பேருக்குச் சம்பளத்தில் ஏதோ ஒரு பிழை இருந்தது. கொலராடோவைச் சேர்ந்த ஒரு சிறப்புப் படைப் பிரிவில் 34 பேருக்கு, அவர்கள் அரசுக்குக் கடன்பட்டிருப்பதாகக் கணினி கணக்குப் போட்டது. மொத்தம் 16 லட்சம் டாலர், தலைக்குச் சராசரியாக 48,000 டாலர். பெரும்பகுதி பொய்க் கடன். போர்க்களத்திலிருந்து கணக்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டுக் கெஞ்ச வேண்டிய நிலைக்கு வீரன் தள்ளப்பட்டால், அந்தப் படையின் தலைமை எந்த முகத்தோடு அவனிடம் தியாகம் பற்றிப் பேசும்?

அந்த நாடு இதைத் தீர்க்கப் பணம் கொட்டாமல் இல்லை. நான்கு படைகளின் சம்பளத்தையும் பணியாளர் விவரத்தையும் ஒரே கணினியில் சேர்க்க எடுத்த திட்டம், பத்தாண்டுக்கு மேல் ஓடி, நூறு கோடி டாலர் அளவுக்குத் தின்று, 2010-இல் கைவிடப்பட்டது. விமானப்படையின் பண்டகக் கணக்குக்காக எடுத்த இன்னொரு திட்டமும் அதேபோல் நூறு கோடி டாலரை விழுங்கிவிட்டு 2012 நவம்பரில் மூடப்பட்டது. அதை விசாரித்த செனட் குழு 2014-இல் அறிக்கை தந்தது. பல ஆண்டு செலவழித்த பிறகும் 2022 ஜனவரியில் அந்த விமானப்படையின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் பணியாற்றிய மைக்கேல் கனான் என்ற அதிகாரி வெளிப்படையாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. புதுமை, செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் பேசுகிறீர்களே, முதலில் எங்கள் கணினிகளைச் சரிசெய்யுங்கள் என்பதே அதன் சாரம். காலையில் கணினி திறக்கவும் மின்னஞ்சல் வரவும் காத்திருந்தே வேலை நேரம் கரைகிற அலுப்பு அந்தக் கடிதம் முழுக்க இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அதைத் தங்கள் குரலாக எடுத்துக்கொண்டார்கள். துறையின் மேல்மட்டமும் பதில் சொல்ல நேர்ந்தது.

ஏன் இப்படி ஆகிறது? வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு என்பதால்தான். கணினி அமைப்பைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உயர் அதிகாரி ஒருநாளும் அதன் முன் உட்கார்ந்து தன் விடுப்பைப் பதிவதில்லை, தன் பயணப்படியைக் கேட்பதில்லை. அவருக்காக இன்னொருவர் உட்காருகிறார். அது தொங்கும்போது தொங்குவது அந்த உயர் அதிகாரியின் நேரமில்லை. பிழைபடும்போது நிற்பது அவருடைய சம்பளமில்லை.

பிரிட்டனில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படைக்கு உதவியதாகச் சொல்லி அடைக்கலம் கேட்டவர்களின் விவரங்களை அங்குள்ள பாதுகாப்பு அமைச்சகம் எக்செல் விரிதாளில் வைத்திருந்தது. 2022 பிப்ரவரியில், சிறு பட்டியல் என்று நினைத்து ஓர் ஊழியர் அதை மின்னஞ்சலில் அனுப்பினார். மறைந்திருந்த வரிசைகளில் ஏறத்தாழ 18,700 விண்ணப்பதாரர்களின் விவரங்கள் இருந்தன. தலிபான் கையில் கிடைத்தால் உயிரைப் பறிக்கக்கூடிய விவரங்கள். கசிவு 2023-இல் தெரிந்ததும் அரசு நீதிமன்றத்துக்குப் போய், கசிவைப் பற்றி மட்டுமன்றி தடை இருப்பதைப் பற்றியும் யாரும் பேசக் கூடாது என்று தடையுத்தரவு பெற்றது. 2025 ஜூலை 15 வரை அது நீடித்தது. யாருடைய பெயர் பட்டியலில் இருந்ததோ அவர்களுக்கே தெரியாமல் ஏறத்தாழ இரண்டாண்டு ஓடியது. மனித உயிரைச் சுமக்கிற தகவலுக்குத் தகுந்த அமைப்பைக் கட்டாமல் கடைக்கணக்கு எழுதுகிற விரிதாளில் வைத்தது தலைமையின் குற்றம். அனுப்பிய ஊழியர் கடைசிக் கண்ணி மட்டுமே.

சரியாகச் செய்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2016-இல் கத்தாரின் அல் உதைத் தளத்தில் அமெரிக்க விமானப்படை அதிகாரிகள், வானத்தில் எந்த விமானத்துக்கு எந்த எரிபொருள் விமானம் எப்போது எங்கே என்பதை வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தி நகர்த்தித் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் திட்டமிடலுக்கான புதிய கணினி அமைப்பு ஒரு பெரிய நிறுவனத்திடம் ஒப்பந்தமாகி, 37.4 கோடி டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு 74.5 கோடியாக ஏறி, மூன்றாண்டு பின்தங்கிக் கிடந்தது. பாதுகாப்புத் துறையின் ஆலோசனைக் குழுத் தலைவராக அங்கே போன எரிக் ஷ்மிட் இந்தப் பலகையைப் பார்த்தார். அதன் பிறகு படைவீரர்களும் நிரலர்களுமாகச் சிலர், பலகையின் முன் நின்றவர்களோடு பேசி, அவர்கள் கை எப்படி நகர்கிறது என்று பார்த்து, சில மாதங்களில் ஒரு செயலியைச் செய்தார்கள். மணிக்கணக்கில் நடந்த வேலை சுருங்கியது, எரிபொருள் விமானங்கள் பறக்க வேண்டிய தடவைகளும் குறைந்தன. பெரிய ஒப்பந்தம் 2017 ஜூலையில் ரத்தாயிற்று. அங்கே வெற்றிக்குக் காரணமாக இருந்தது பணமும் இயந்திரமும் அல்ல. வேலை செய்கிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்த பணிவு.

நம் ஓய்வூதிய அமைப்பைக் கட்டியவர்கள் ஒரு மாதமாவது ஓர் இ-சேவை மையத்தின் பெஞ்சில், கையில் மஞ்சள் பையோடு வரிசையில் இருக்கும் பெண்களின் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மடிப்பில் கிழிந்த டிஸ்சார்ஜ் புத்தகம், கணவரின் பதக்கம், பூச்சியரித்த ஆணை, நாலு எழுத்துக்கூட்டலில் நாலு அட்டை. அவர்கள் பெயரைத் தவறாக எழுதியது ராணுவத்தின் எழுத்தர். பிறந்த தேதியைக் கேட்காமல் விட்டது ராணுவத்தின் படிவம். மூல ஆவணமும் ராணுவத்திடமே இருக்கிறது. அப்படியிருக்க, தன் அலமாரியில் உள்ள ஷீட் ரோலைத் தானே எடுத்துப் பார்க்காமல், அதன் நகலை அந்தப் பெண்ணிடம் கேட்பது என்ன நியாயம்?

ஆகவே நம் கோரிக்கை இது. ஓய்வூதியர் இறந்துவிட்டார் என்று ஒரு மனிதர் நேரில் உறுதி செய்யாதவரை, எந்தக் கணினியும் எந்த ஓய்வூதியத்தையும் நிறுத்தக் கூடாது. சான்று வரவில்லையா? தபால்காரர் இருக்கிறார், கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், நல அலுவலகம் இருக்கிறது. ஆளனுப்பிப் பாருங்கள், அதுவரை பணம் போகட்டும். இறந்தவர் கணக்கில் சில மாதம் பணம் போய்விடும் என்ற அச்சம் புரிகிறது. அதை வங்கியிலிருந்து திரும்பப் பெற வழியிருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவர் மருந்தில்லாமல் கழித்த நாளைத் திரும்பத் தர வழியில்லை.

முரண்பாடுகளைத் திருத்தும் பொறுப்பு முழுக்கத் துறையுடையது ஆக வேண்டும். ரெக்கார்ட் ஆபீசும் பிரயாக்ராஜும் ஒரே அமைச்சகத்தின் இரு கைகள். அவை ஒன்றோடொன்று பேச ஒரு மூதாட்டியின் கடிதம் தேவைப்படக் கூடாது. எழுபது வயது கடந்த ஒவ்வொரு குடும்ப ஓய்வூதியரின் ஆவணத்தையும் துறையே எடுத்து, பிறந்த தேதி இல்லாதவர்களைத் தேடிப் போக வேண்டும். உரிய தொகை தாமதித்தால் கேட்காமலே வட்டி சேர வேண்டும். தாமதத்துக்கு விலை வைத்தால்தான் தாமதம் குறையும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில் செய்தி வர வேண்டும். அதில் ஒரு பெயரும், எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

இன்று பணியில் இருப்பவர்களிடமே இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சிப்பாய் ஒருவர் 15 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீடு திரும்பி, அதன்பின் நாற்பது ஆண்டு அந்த ஆவணத்தை வைத்தே வாழ்கிறார், அவருக்குப் பின் அவர் மனைவி வாழ்கிறார். பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் இன்று தட்டுகிற ஓர் எழுத்து அரை நூற்றாண்டு பேசும். அந்த எழுத்தருக்கு நல்ல கணினி கொடுங்கள், வேகமான இணைப்புக் கொடுங்கள், நூறு வேலைக்கு நடுவே அவசரப்படாமல் பதிய நேரம் கொடுங்கள். அவர் பதிந்ததை அந்த வீரர் ஆண்டுக்கொரு முறை தன் மொழியில் பார்த்து, மனைவியிடமும் காட்டி, சரி என்று கையெழுத்திடட்டும். ஒரு முரண்பாடுகூட மிச்சமில்லை என்று கட்டளை அதிகாரி சான்றளித்த பிறகே ஒருவர் படையிலிருந்து விடைபெறட்டும். ஏவுகணைக்குச் செய்கிற சோதனையைப் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் செய்தால் போதும்.

அரசு இதையெல்லாம் செய்யும்வரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் படைவீரரின் மனைவி ஒருவர் தனியாக இருப்பார். அவர் வீட்டுக்குப் போங்கள். ஓடிபியையும் கடவுச்சொல்லையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள், உங்களிடமும் சேர்த்துத்தான். பிறகு அவருடைய ஓய்வூதிய ஆணையை வாங்கி, அதில் அவருடைய பிறந்த தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் ஆதாரையும் ஆணையையும் எடுத்துக்கொண்டு அவரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவருக்கு 80 வயது கடந்திருந்தால், 20 சதவீதம் அவருக்கு வர வேண்டிய பணம்.